ஏற ஆள் வேண்டிய குதிரை

மதராஸ் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்று வல்லத்திராக்கோட்டையில் லாரியிலிருந்து இறங்கியபோது ஐப்பசி மழை சற்று விட்டிருந்தது. ஐம்பதுகளின் நடுவில் என்று ஞாபகம். செவலை நிறம், ஆளுயரத்துக்கு முதுகு. வேடிக்கை பார்க்க வந்த வண்டிக்காரர், "இது குதிரையாண்ணே? நின்னா கொட்டகை, நடந்தா தேரு" என்றார். அவர் வாயில் எப்போதும் இப்படி ஒன்று தயாராக இருக்கும்.

நான் அப்போது மதராஸில் இருந்த ஒரு முதலாளியின் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைக் காடு ஒரு பக்கம், முந்திரி ஒரு பக்கம், கண்மாய்க்கு அப்பால் நெல் வயல் என்று சிதறிக் கிடந்த நிலம். சைக்கிளில் கிளம்பினால் முள் குத்தி, பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வருவேன். பண்ணை வீட்டில் நான் மட்டும். என் மனைவி முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே போய்விட்டாள். பகலெல்லாம் ஆட்களோடு வாய் ஓயாமல் பேசுவேன். பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் என்றால் நான் சோறு வடிக்கிற சத்தம்தான்.

குதிரைக்குக் காலில் நரம்பு வீங்கி, பந்தயத்துக்கு ஆகாது என்று ஆகிவிட்டது. முதலாளிக்குக் கொல்ல மனமில்லை, கட்டித் தீனி போடவும் மனமில்லை. அன்று லாரிக்குப் பின்னால் காரில் வந்திருந்தவர், "ஓடத்தான் கூடாது, நடக்கும். நீர் ஏறிப் பண்ணையைச் சுத்தும். பொங்கலுக்கு வாரேன், ஏறி வந்து காட்டணும்" என்றார்.

"ஏற முடியலேன்னாங்க?"

"தை மாசம் திருச்சிக்கு சர்க்கஸ் வருது. குடுத்துருவேன்."

"வித்தை காட்டவாங்க?"

"புலிக்கு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லாரியோடு வந்த லாயக்காரர் போகும்போதுதான் சொன்னார். "இது நிக்காது சார். ஜாக்கி தானா ஏற மாட்டாரு. ஒரு ஆளு அவரு முழங்காலுக்குக் கீழ புடிச்சு மேல தூக்கிவிடணும். இது நடந்துகினே இருக்கும். குட்டியிலேர்ந்து அப்படியே பழக்கம்."

மறுநாள் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் ஒரு காலை வைத்தேன். குதிரை நடந்தது. நான் மற்றக் காலால் நொண்டிக்கொண்டே களத்தைச் சுற்றினேன்.

"கோலாட்டம் நல்லாருக்குண்ணே, பாட்டுத்தான் இல்ல!" என்றார் வண்டிக்காரர்.

ஏர் ஓட்டும் பெரியவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து குனிந்தார். என் அப்பா வயது அவருக்கு. அவர் கை என் காலில் பட்டதும் உடம்பு கூசிப்போயிற்று. சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"அட, காலுதானே தம்பி. பாம்பா?" என்றார்.

"வேண்டாங்கய்யா."

வண்டிக்காரர் என்னைவிட இளையவர். அவர் பிடித்து வீசிய வீச்சில் நான் குதிரையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தேன். "ஏத்தியும் விட்டாச்சு, எறக்கியும் விட்டாச்சு. கூலி ரெட்டைண்ணே!" ஆனால் அவரும் நான்கைந்து நாள்தான் வந்தார். கடலை பறிப்பு தொடங்கியதும் விடியுமுன்பே மூட்டை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய்விடுவார். மற்றவர்களுக்கும் காட்டில் வேலை.

கிணற்றுச் சுவரில் ஏறி நின்று பார்த்தேன். நகர்ந்துகொண்டது. கட்டை வண்டிமேல் நின்று பார்த்தேன். அப்போதும் நகர்ந்துகொண்டது. ஒரு வாய்த் தண்ணீரோ ஒரு கை உப்போ நான் யாரிடமும் கேட்டுவிடுவேன். என் காலைப் பிடி என்று கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. வீட்டில் இன்னொரு ஆள் இல்லை என்பது அந்தக் குதிரையின் பக்கத்தில் நிற்கும்போது உறைத்ததுபோல் வேறு எப்போதும் உறைத்ததில்லை.

அந்தி நேரத்தில் அது கழுத்தை நீட்டிக் கனைக்கும். சுற்றுவட்டாரத்தில் பதில் சொல்ல இன்னொரு குதிரை கிடையாது. நான்தான் அடுப்படியிலிருந்து "என்னப்பா?" என்பேன். சற்று நேரம் அடங்கும்.

மார்கழியில் ஒரு காலை. கடிவாளத்தைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். வழியில் மூக்கை உயர்த்திய குதிரை என்னை இழுத்துக்கொண்டு ரோட்டுப் பாதையில் திரும்பியது. நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. அங்கேதான் என் மனைவிக்காக நான் நட்ட சுமைதாங்கி இருந்தது. பிள்ளையைச் சுமந்தபடி இறந்தவளின் பாரம் குறைய வேண்டும் என்று எங்கள் பக்கம் நடுகிற கல். நெஞ்சுயரத்துக்கு இரண்டு தூண், மேலே ஒரு படுக்கைக் கல், பக்கத்தில் உட்காரத் தாழ்வாக ஒரு பலகை. கல் நட்ட அன்று கும்பிட்டுவிட்டு வந்தவன், பிறகு கண்மாய்க்கரை வழியாகச் சுற்றித்தான் போவேன்.

டவுனில் ஜட்கா வண்டிக்காரர்களுக்கு விற்கப் புல் கொண்டுபோகும் பெண்கள் மூன்று பேர் கட்டுகளைக் கல்மேல் வைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். குதிரை நேராகப் போய்ப் புல்லில் முகத்தைப் புதைத்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

"ஏய், ஏய்! விக்கிற புல்லு!" என்று ஒருத்தி எழுந்தாள்.

மூத்தவள் அவளைக் கையமர்த்தினாள். நான் ஏற முடியாமல் படும் பாடு ஊருக்கே தெரியும். "இருடி. தம்பி, நிக்கிதுல்ல? கல்லு மேல ஏறி உக்காருங்க."

நான் தலையை ஆட்டினேன். "இதுல நான் எப்படிக் கால வைக்கிறது ஆத்தா?"

"யாரு வீட்டுப் புல்லுக்கட்டெல்லாமோ ஏறி உக்காருது. நீங்க மட்டும் ஆகாதா? சொமைய எறக்கத்தானே நட்டீங்க. நீங்களும் ஒரு சொமைதான். போங்க."

செருப்பைக் கழற்றினேன். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பலகையில் ஏறினேன், பிறகு மேல் கல்லில். பனியில் கல் சில்லென்று இருந்தது. குதிரை புல்லை மென்றுகொண்டே நின்றது. நான் சேணத்தில் உட்கார்ந்தேன்.

"செருப்ப யாரு எடுத்துக் குடுக்குறது?" என்று இளையவள் சிரித்தாள். இரண்டையும் வாரோடு வார் முடிந்து என்னிடம் எறிந்ததும் அவள்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கல். குதிரை கடிக்கிற புல்லுக்கு ஈடாக எங்கள் வரப்புப் புல்லை அறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு முதலாளி காரில் வந்தபோது வயலிலிருந்து குதிரைமேலேயே வந்து நின்றேன்.

"பரவாயில்லையே! சரி, எறங்கும்."

"எறங்கலீங்க."

"ஏன்யா?"

"எறங்குனா திரும்ப ஏற அந்தக் கல்லுக்குத்தாங்க போகணும்."

கூலி வாங்குகிறவன் மேலேயும் கொடுக்கிறவர் கீழேயுமாகப் பேசியது அன்றைக்குத்தான். அவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். சர்க்கஸ் பேச்சை எடுக்கவில்லை.

நான் மோர் குடித்ததும் கூலித் தகராறு தீர்த்ததும் கல்யாண வீட்டில் விசாரித்ததும் எல்லாம் அப்புறம் சேணத்தில் இருந்தபடிதான். "கலெக்டரு வாராரு, தலைய நிமித்துங்கடா" என்பார் வண்டிக்காரர். யாராவது கையைப் பிடித்து, "எறங்கி ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று மனதாரச் சொன்னால் மட்டும் இறங்குவேன். சாப்பிட்டு முடித்ததும், எவ்வளவு தூரமானாலும், நானும் குதிரையும் வீடுவரை நடந்தே வருவோம். நான் ஏதாவது பேசிக்கொண்டே வருவேன்.