மண்ணுக்குள்ளிருந்து வந்த அம்மன்

தொண்ணூறுகளின் நடுவில் செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் தாலுகா ஆபீசுக்குத் தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரரும் எங்கள் ஊர்தான். போகும்போதும் வரும்போதும் ஒரே பெட்டி. ஏரி நிரம்பிக் கிடக்கும் மாதங்களில் பெட்டியிலிருக்கும் எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் கரைக்கு அப்பாலிருக்கும் மேட்டு நிலத்தைப் பார்ப்பார்.

“அவ்ளோ எடம் சும்மா கீது பாரு சாமி” என்பார். நான் குருக்கள் வீட்டுப் பிள்ளை என்பதால் அவருக்கு நான் ‘சாமி’.

ஒரு நாள் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். அரசாங்க வேலையை ஒருவர் தானாக விட்டதை அதுவரை நான் பார்த்ததில்லை. கடற்கரைச் சாலை அகலமாகப் போகிறது என்று பேச்சிருந்த சமயம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகளை வாங்கி, மனைகளாகப் பிரித்து விற்றார். நான்கைந்து வருடத்தில் காரும் மாடி வீடும் வந்துவிட்டன. “அவர் ஜெயிச்சுட்டார்” என்றாள் என் மனைவி. நான் அப்போதும் அதே பெட்டியில்தான் போய்க்கொண்டிருந்தேன். இனி சொல்லப்போகும் என் சந்தேகத்தில் பொறாமைக்கும் பங்கு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு ஆடி மாதம் அவருடைய தோப்பில் கிணறு வெட்டும்போது அம்மன் சிலை கிடைத்ததாகச் செய்தி வந்தது. மீனவக் குப்பத்துப் பெண்கள் மஞ்சள் தண்ணீரும் பாலுமாக ஓடினார்கள். வருடம் முடிவதற்குள் அங்கே சின்னதாக ஒரு கோயில் எழும்பிவிட்டது. மனை விளம்பர நோட்டீசில் முதல் பக்கமே அம்மன்தான். அடுத்த பக்கத்தில் மனை வரைபடம்.

அர்ச்சகராக வரும்படி என் அண்ணாவைக் கேட்டு அவரே வீட்டுக்கு வந்தார். அண்ணா அப்போது ஊருக்குள் ஒரு பழைய கோயிலில், சம்பளம் என்று சொல்லவே கூச்சப்படும் சம்பளத்துக்கு இருந்தார். பெண் பொத்தேரியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணா ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. பூமிக்கடியில் சிலை கிடைத்தால் தாசில்தாருக்குத் தெரிவிக்க வேண்டும். இருபது வருடம் தாலுகா ஆபீசில் இருந்தவருக்கு இது தெரியாமலிருக்காது. ஆனால் அவர் யாருக்கும் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க அவசியமில்லாத சிலையோ?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மனை நோட்டீசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். சிற்பப் பட்டறைகளில் ஒவ்வொன்றாக நுழைந்து படத்தைக் காட்டினேன். நான்காவது பட்டறையில், முகமெல்லாம் கல் தூசியோடு இருந்த ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்தார்.

“இன்னா சார், போலீசா?”

“இல்லை. அங்கே பூஜை பண்றவரோட தம்பி.”

“இது நம்ம வேலதான். புதுசாட்டம் தெரியக் கூடாதுன்னாரு. மொகத்த லேசா தேய்ச்சுக் குடுத்தோம். எதுக்குன்னு நாங்க கேக்க மாட்டோம்.”

சாயங்காலமே அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அவர் காயப்போட்ட வேஷ்டியை மடித்துக்கொண்டிருந்தார்.

“முதல் நாள் அபிஷேகத்துலயே தெரிஞ்சுடுத்து. பின்பக்கம் உளித்தடம் கையில குத்தறது” என்றார்.

“தெரிஞ்சுமா அண்ணா?”

“குழந்தைக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்குடா.”

அன்றிலிருந்து அண்ணாவையும் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடி மந்திரம் சொல்லும்போதெல்லாம், இப்போது இவர் மனதில் ஓடுவது என்ன என்று யோசிப்பேன்.

அண்ணா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை வீட்டுக் கடிதத்தைக் கோயிலில் அவரிடம் கொடுத்துவிட்டுவரப் போனேன். மத்தியானம், நடை சாத்தியிருந்தது. அண்ணாவைக் காணோம். பூட்டிய சன்னதிக்கு முன்னால் என் பழைய ரயில் சிநேகிதர் தனியாக வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்.

“அவள வுட்டுடு தாயீ. வேற எத வேணா எடுத்துக்க. தோப்ப எடுத்துக்க, வூட்ட எடுத்துக்க.”

யாருக்காக இந்த நடிப்பு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. திரும்பிச் சுற்றிலும் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. நான் நிற்பதே அவருக்குத் தெரியாது. செருப்புச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்.

“வா சாமி. வூட்ல அவளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி மெட்ராசுக்கு இட்டுகினு போறேன். டப்பு கீது, பெரிய டாக்டரு கீறாரு. ஒடம்பு கேக்க மாட்டேங்குது.”

அவரே மேலே பேசினார்.

“நீ பட்டறையில போய் விசாரிச்சது எனக்குத் தெரியும். நான்தான் வாங்கியாந்தேன், நான்தான் பொதச்சேன். மனை விக்கத்தான். இல்லன்னு சொல்லல.”

“அப்புறம் இங்கே வந்து அழறீங்களே?”

“வேற எங்க போவேன்? மத்த கோயில்ல மாலை போட்டு முன்னாடி நிக்க வெக்கிறாங்க. நான் யாருன்னு இவ ஒருத்திக்குத்தான் தெரியும்.”

கொஞ்சம் குரூரமாகவே கேட்டேன். “வேலையை விடாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பீங்க, இல்லையா?”

“ரயில்ல போய்கினு இருந்தா அவளுக்கு நோவு வராதா? அப்போ வைத்தியம் பண்ணக்கூட வக்கில்லாம இருந்திருப்பேன். சும்மா எதுனா பேசாத சாமி.”

அந்த ஐப்பசியில் அவர் மனைவி இறந்துபோனார். இனி அவர் அந்தக் கோயில் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். காரியம் முடிந்த முதல் வெள்ளிக்கிழமையே வந்ததாக அண்ணா சொன்னார். வந்தார், நின்றார், தீபாராதனை பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

அதைக் கேட்டு என் மனம் கொஞ்சம் இளகியது உண்மை. ஆனால் தை பிறந்ததும் கோயிலுக்குப் பின்னாலிருந்த தோப்பும் வெட்டப்பட்டு, மஞ்சள் அடித்த மனைக் கற்கள் நடப்பட்டன. புது நோட்டீசில் அம்மன் படம் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. ‘கேட்டதைத் தரும் தாய்’ என்று கீழே ஒரு வரி. அவர் கேட்டதை அவள் தரவில்லை என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

அண்ணா பெண்ணின் கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது ரயில் சிநேகிதரிடம் கேட்டேன். “வெள்ளிக்கிழமை வந்து நிக்கறதும் மனை விக்கறதுக்குத்தானா?”

அவருக்குக் கோபம் வரவில்லை.

“தெரியல சாமி. மெய்யாலுமே தெரியல.”

இன்றுவரை எனக்கும் தெரியவில்லை. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் அங்கே ஒரு மனை நானும் வாங்கினேன். என் மனைவி நோட்டீசைப் பார்த்து ஆசைப்பட்டாள். நான், விலை ஏறும் என்று கணக்குப் போட்டேன். பத்திரம் முடிந்த கையோடு இருவரும் கோயிலுக்குப் போனோம். அவள் அம்மனுக்குப் புடவை சாத்தச் சொன்னாள். நான் பக்கத்தில் கைகூப்பி நின்றேன். அண்ணா கற்பூரத் தட்டோடு வெளியே வந்து, என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

“என்னடா வேண்டிண்டே?” என்றார்.

நான் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.