மூன்றாவது குழாய்

ஆய்வகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் வீம்பு அக்கா. பதினாறு வருடமாக அங்கே டெக்னீசியன். பட்டம் வாங்கியவர்கள் வந்து போனார்கள். அக்கா மட்டும் ஜன்னலோர மேசையை விட்டு நகரவில்லை.

இந்தத் தடவை வீம்பு ஒரு மரபணுவின் பேரில். அதன் ஆர்.என்.ஏ. இழையின் வால்பக்கத்தில் ஒரு துண்டு தன்மேல் தானே மடங்கி, கொண்டை ஊசி மாதிரி நிற்கிறது. மரபணு எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை அந்த மடிப்புதான் தீர்மானிக்கிறது. இது அக்காவின் கட்சி. பேராசிரியர் காது கொடுக்கவில்லை.

"மனுஷனுக்கும் மீனுக்கும் அந்தத் துண்டுல எழுத்தே ஒத்துப்போகலை. வெறும் குப்பை. மாசக் கடைசிக்குள்ள ஃப்ரீசர்ல அதோட சாம்பிள் வெச்சிருக்கற பெட்டியைக் காலி பண்ணிடுங்க."

குப்பையாம். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்து மாறியிருந்தது வாஸ்தவம்தான். ஆனால் மடிப்பின் ஒரு பக்கம் 'ஏ' போய் 'ஜி' வந்த இடத்திலெல்லாம், எதிர்ப்பக்கம் 'யு' போய் 'சி' வந்திருந்தது. ஏ-வுக்கு யு, ஜி-க்கு சி என்ற ஜோடி கலையவே இல்லை. இத்தனை கோடி வருடம் குப்பையை யார் இப்படிக் கட்டிக் காப்பாற்றுவார்கள்?

வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தார். அவர் தையல்காரர்.

"கொக்கியைப் பெருசாக்கினப்ப வளையத்தையும் பெருசாக்கியிருக்கு. இதுல அவருக்கு என்ன சந்தேகம்?" என்றவர், "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று இழுத்தார். "ஆனா ஆகட்டும்," என்றார் அக்கா.

பெட்டி காலியாகவில்லை. மரபணு வேலை செய்தால் பச்சையாக ஒளிரும் செல்களில் அக்கா சோதித்தார். முதல் குழாயில் மடிப்பின் இடப்பக்க எழுத்துகளை மாற்றினார், ஒளி மங்கியது. இரண்டாவதில் வலப்பக்கம், அதுவும் மங்கியது. மூன்றாவதில் இரண்டு பக்கத்தையும் ஜோடி சேரும்படி மாற்றினார். எந்தப் பிராணியிலும் இல்லாத எழுத்துகள். ஒளி திரும்பி வந்தது. மறுபடி செய்தார், மறுபடியும் வந்தது.

மைக்ரோஸ்கோப்பில் வைத்த கண்ணைப் பேராசிரியர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"கட்டுரை எழுதிடலாம். கடைசியில உங்களுக்கு ஒரு நன்றி போட்டுடறேன்."

"நன்றி வேண்டாம் சார். பேரைப் போடுங்க. மேல."

"டெக்னீசியன் பேரைப் போடற வழக்கம் இங்க இல்லம்மா."

"சரி, நீங்க செஞ்சதாவே எழுதிக்குங்க. யாராவது செஞ்சு காட்டச் சொன்னா காட்டணும், அவ்வளவுதான்." அக்கா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

பைப்பெட்டைத் தொட்டு எட்டு வருடமான மனிதர் நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, "உங்க இனிஷியல் என்ன?" என்றார்.

பதினாறு வருடம். அக்கா பேனாவை வாங்கித் தன் முழுப் பெயரையும் தானே எழுதினார்.