அணு உலைக்காரர் நீட்டிய கச்சாங்

எண்பதுகளில் ஒரு மாலை, காஜாங்கிலிருந்து கோலாலம்பூர் வரும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. நிமிடத்துக்கு ஒருமுறை காலரை இழுத்து நேராக்கிக்கொண்டார்.

“எங்கண்ணே வேலை?” என்று கேட்டேன்.

“காஜாங் பக்கத்துல பாங்கிங்கிற ஊருல சார். அமெரிக்காவுலேருந்து அணு உலை வாங்கி வெச்சிருக்காங்கல்ல? அங்க தரை துடைக்கிறேன்.”

சொல்லிக்கொண்டே கையிலிருந்த கச்சாங் கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

“வேணாம்ண்ணே, இப்பதான் சாப்பிட்டேன்.”

பொய். அந்தக் கையில் கதிர்வீச்சு ஒட்டியிருக்குமோ என்ற பயம். இத்தனைக்கும் நான் பிரிக்ஃபீல்ட்ஸில் அறிவியல் வாத்தியார். அணுவைக் கரும்பலகையில் வரைந்து விளக்குகிறவன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை.

“தீபாவளிக்கு எங்க வீட்டு முறுக்கையே பக்கத்து வீட்டுல தொடல சார். இதே உலை லண்டன்ல இருந்தா, முன்னால நின்னு போட்டோ புடிச்சு மாட்டுவீங்க. நம்ம ஊருன்னா பயம். வாங்குனது வெள்ளக்காரன்கிட்டதான். ஆனா ஓட்டுறது நம்ம நாட்டுப் பிள்ளைங்க லா! தண்ணித் தொட்டிக்கு அடியில நீலமா ஒரு வெளிச்சம் வரும். நம்ம நாட்டுல எத்தன பேரு அதப் பாத்திருக்கான்? நான் பாத்திருக்கேன்.”

காலரை இழுத்து நேராக்கினார்.

நான் கையை நீட்டினேன். பொட்டலத்தில் மிச்சமிருந்ததை அப்படியே என் உள்ளங்கையில் கொட்டினார். நான் மென்று விழுங்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அணுப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த நீல வெளிச்சத்தைச் சொல்லாமல் விட்டதில்லை. நான் அதைப் பார்த்ததில்லை. பார்த்தவர் கையால் கச்சாங் வாங்கித் தின்றிருக்கிறேன்.