கோட்டுப் பை ராத்தா

எங்கள் தெருவில், தெருவுக்கே அக்காவாக, தையல்கார ராத்தா ஒருவர் இருந்தார். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டேதான் கதைப்பார். சுனாமி நிவாரணமாகக் கல்முனை வெயிலுக்குக் கம்பளிக் கோட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தபோது, "அனுப்பினவன் மடையன்கா" என்று எல்லாவற்றையும் வெட்டிப் பைகளாகத் தைத்தார். கோட்டின் பொத்தான்கள் பையில் அப்படியே இருக்கும்.

ஐந்து வருடம் கழித்து, யுத்தம் முடிந்த வருடத்து டிசம்பரில், தெருப் பெண்களெல்லாம் வேன் பிடித்து இரண்டு நாள் மலைமேல் நுவரெலியா போனோம். எல்லார் கையிலும் ராத்தா தைத்த கம்பளிப் பை. போர்த்திக்கொள்ளத்தான் ஒருவரிடமும் ஒன்றுமில்லை. வேனால் இறங்கியதும் குளிரில் குண்டூசி கவ்வும் அந்தப் பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. ராத்தா பையிலிருந்த பலகாரத்தை என் முந்தானையில் கொட்டிவிட்டு, வெறும் பையை முக்காட்டுக்கு மேல் கவிழ்த்துப் பொத்தானையும் பூட்டினார்.

"அனுப்பினவன் மடையனில்லகா. கொஞ்சம் முந்தி அனுப்பிட்டான், அவ்வளவுதான்."

கோட்டையெல்லாம் வெட்டியதும் அவர்தான்; அனுப்பியவனைப் பெரிய மனதோடு மன்னித்ததும் அவர்தான்.