பிஸ்டன் மேல் கேப்பைக் களி

என் தங்கை திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறாள். லாரி, டிராக்டர், மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றும் சிறு வேன் என்று எது வந்தாலும் பிரித்துப் பூட்டுவாள். அவளுக்கென்று இருப்பது ஒரே ஒரு கார். என் வயதுக்குக் கொஞ்சம்தான் இளையது. சென்னைக்குப் பக்கத்திலுள்ள பந்தயத் தடத்தில் பழைய கார்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதில் ஓட்டுவதற்காக அந்த எஞ்சினைத் தானே தயார் செய்துகொண்டிருந்தாள். அந்த மாதிரி எஞ்சின் இப்போது கிடைப்பதில்லை. மூன்று மாநிலங்களில் விசாரித்துத் தேடிப் பிடித்தது. இது உடைந்தால் அவளுக்கு இன்னொன்று இல்லை.

நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வெர்னியர் அளவுகோலோடு வரும்படி அவள் கூப்பிட்டால், விடுமுறை நாளில் ரயில் ஏறிவிடுவேன்.

அன்று கூப்பிட்டது புது ராக்கர் ஆர்ம்களுக்காக. பூங்காவில் பிள்ளைகள் இருபுறமும் உட்கார்ந்து ஏறி இறங்கும் பலகை போன்றதுதான் ராக்கர் ஆர்ம். ஒரு முனையைக் கீழிருந்து ஒரு கம்பி தள்ளும். மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். கம்பி ஒரு பங்கு உயர்ந்தால் பழைய ஆர்ம் வால்வை ஒன்றரைப் பங்கு திறக்கும். புதியது ஒன்றேமுக்கால் பங்கு. வால்வு கூடுதலாகத் திறந்தால் எஞ்சின் கூடுதலாக மூச்சு வாங்கும். முனையில் சிறு உருளை வைத்திருந்ததால் தேய்மானமும் குறைவு. எட்டு ஆர்ம்களையும் துணியில் வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றைக் கையில் எடுத்தேன். என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது.

முழு வேகத்தில் இது நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்கும் என்றாள். நான் பட்டறை மேசையை ஒரு விரலால் முடிந்தவரை வேகமாகத் தட்டிப் பார்த்தேன். நொடிக்கு ஏழைத் தாண்டவில்லை. அந்த ஆர்மைத் துணியில் திரும்ப வைக்கும்போது, எடுத்தபோது இருந்ததைவிட என் கை கவனமாக இருந்தது.

ஆபத்து ஒன்று இருந்தது. வால்வு கீழே இறங்கும் அதே இடத்துக்குத்தான் பிஸ்டனும் மேலே ஏறி வருகிறது. ஒன்று விலகும் கணத்தில் மற்றது வந்துவிடும். வேகம் கூடும்போது உலோகம் கொஞ்சம் நீளும், வால்வை மூடும் ஸ்பிரிங் கொஞ்சம் பிந்தும். இதையெல்லாம் தாங்க, இரண்டும் மிக நெருங்கும் கணத்தில்கூட நடுவில் இரண்டு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வால்வு பிஸ்டனில் இடித்து எல்லாம் உடையும்.

மூடிய எஞ்சினுக்குள் அந்த இடைவெளியை எப்படி அளப்பது? பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வைத்து, மூடி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, மறுபடி திறந்தால் வால்வின் தடம் பதிந்திருக்கும். தடத்தை வெட்டி, மிக மெலிந்த இடத்தின் கனத்தை அளக்க வேண்டும். அன்று பட்டறையில் களிமண் தீர்ந்திருந்தது. பக்கத்துப் புரோட்டா கடையில் ஒரு உருண்டை மாவு வாங்கி வந்தாள். கடை மாஸ்டர் பின்னாலேயே வந்து நின்றார்.

"எஞ்சினுக்குப் புரோட்டாவா? அப்டியே ரெண்டு கரண்டி சால்னாவும் ஊத்துக்கா, நல்லா இழுக்கும்."

மூடி, சுற்றி, திறந்தோம். மாவில் வால்வின் விளிம்பு பிறை நிலாவாகப் பதிந்திருந்தது. இருட்டுக்குள் இரண்டு உலோகங்கள் எவ்வளவு நெருங்கி வந்து தொடாமல் திரும்பின என்பதை அந்தப் பிறை காட்டியது. அவள் பிளேடால் வெட்டினாள், நான் அளந்தேன். இரண்டு புள்ளி மூன்று. போதும் என்று அவள், எஞ்சினைப் பூட்டும்போது கசியாமலிருக்க நடுவில் வைக்கும் புது கேஸ்கெட்டை உறையிலிருந்து எடுத்துவிட்டாள். மாலைக்குள் பூட்டிவிடலாம்.

டீ வந்தது. குடித்துவிட்டு, ஆய்வகப் பழக்கத்தில், அதே துண்டை இன்னொரு முறை அளந்தேன். இரண்டு புள்ளி ஆறு காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். இரண்டு புள்ளி ஏழு.

"இன்னாண்ணா, கை ஆடுதா? வயசாய்ட்ச்சி உனுக்கு."

வெர்னியரை அவளிடமே நீட்டினேன். அவள் அளந்து, கோடுகளை எண்ணிப் படித்தாள். இரண்டு புள்ளி எட்டு. கேஸ்கெட்டை உறைக்குள் திரும்பச் செருகினாள்.

எது தவறு என்று இருவருக்கும் புரியவில்லை. சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்று கேரியரைத் திறந்தாள். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். குழம்பு ஊற்றுவதற்காக, எப்போதும் செய்வதுபோல, களியின் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போட்டாள். குழம்புக் கிண்ணத்தை எடுத்தவள் ஊற்றவில்லை. அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிச்சமிருந்த புரோட்டா மாவில் அதே விரலை அழுத்தி எடுத்தாள். பள்ளம் மெல்ல மெல்ல மேலே எழும்பி வந்தது. களியில் போட்ட குழி போட்டபடியே இருந்தது.

"மாவு எழும்பிக்கினே இருக்குதுண்ணா. நாம அளக்கறதுக்குள்ளயே எழும்பிட்ச்சி. களி எழும்பாது."

சாப்பாட்டில் பாதி பிஸ்டன் தலைக்குப் போனது. வால்வில் எண்ணெய் தடவி, மூடி, சுற்றி, திறந்தோம். இந்த முறை பிறை ஆழமாக, விளிம்பு கூராகப் பதிந்திருந்தது. அளந்தேன். ஒன்று புள்ளி ஒன்று. கொஞ்ச நேரம் விட்டு அளந்தேன். ஒன்று புள்ளி ஒன்றுதான்.

வேண்டிய இரண்டில் பாதிதான்; மாலையில் பூட்டியிருந்தால் எஞ்சின் உடைந்திருக்கும். அவள் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள். பழைய ஆர்ம்களையே போட்டுவிடலாம், அதில் பயமில்லை என்றேன்.

"பழசு போட்டா வண்டி ஓடும். சும்மா ஓட்றதுக்கா இவ்ளோ நாளா இத்தக் கட்டிக்கினு அழுவறேன்?"

பிஸ்டன் தலையில் வால்வு இறங்கும் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கடைய வேண்டும். தலையின் கனம் அதற்கு இடம் கொடுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த வேலைக்கு விழுப்புரத்தில் ஒரு லேத் பட்டறை இருந்தது. நான்கு பிஸ்டன்களையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் திரும்பினேன். எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, தூங்கும் குழந்தையோ என்று எட்டிப் பார்த்தார்.

கடைந்து வந்த பிறகு மறுபடி களி வைத்தோம். இரண்டு புள்ளி இரண்டு. அன்று வேண்டுமென்றே இரண்டு டீ குடித்துவிட்டு அளந்தேன். எண் மாறவில்லை. அவள் தலையாட்டினாள்.

எஞ்சினை முதலில் கிளப்பியபோது மேல்மூடியைப் போடாமல் விட்டு, எனக்குக் காட்டினாள். மெதுவான ஓட்டம்தான். எட்டு ஆர்ம்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்து நிமிர்ந்தன; ஒன்றுகூட முறை தவறவில்லை. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாள். தனித்தனி ஆர்ம்கள் மறைந்து வெள்ளிப் புகைபோல ஒரு நடுக்கம் மட்டும் தெரிந்தது. சட்டையெல்லாம் எண்ணெய் தெறித்தது. விலகி நிற்கத் தோன்றவில்லை. உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இரண்டு மில்லிமீட்டரும் சொச்சமும் ஒவ்வொரு முறையும் காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

பந்தயத்தன்று வேலிக்குப் பின்னால் நின்றேன். கார் நேர்ச்சாலையில் வரும்போதெல்லாம் மற்றவர்கள் காரைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டேன். பதினொரு வண்டிகளில் அவள் ஐந்தாவதாக வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"எதுனா தட்ற சத்தம் கேட்ச்சா?"

இல்லை என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

திண்டிவனம் வந்த மறுநாள் காலை, பிஸ்டன்களை மேலிருந்து மூடும் ஹெட்டைக் கழற்றினாள். நான்கு பிஸ்டன் தலைகளும் கரி படிந்து சீராகக் கறுத்திருந்தன. பள்ளங்களின் விளிம்பில் ஒரு கீறல் இல்லை, இடித்துத் தேய்ந்த பளபளப்பு இல்லை. ஒவ்வொன்றிலும் விரலை வைத்துச் சுற்றித் தடவினாள். பிறகு என் விரலைப் பிடித்து அதே பள்ளத்தில் வைத்தாள். எத்தனை ஆயிரம் முறை வால்வு இங்கே இறங்கி வந்து தொடாமல் திரும்பியிருக்கும்! கரி மெத்தென்று இருந்தது. பழக்கத்தில் பையிலிருந்து வெர்னியரை எடுத்துவிட்டேன். அளக்க அங்கே எதுவும் இல்லை.