சாய்ராகுல் விட்ட வெள்ளை இடம்

தியான்ஷான் மலையடிவாரத்தில் எங்கள் ஊர் அலுவலகத்தில் சாய்ராகுல் இருபத்திரண்டு வருஷம் தட்டச்சு செய்தாள். எவ்வளவு நீளமான கடிதமும் அவள் கைபட்டால் படிக்கிற மாதிரி ஆகிவிடும். ஒரு விஷயம் முடிந்ததும் பத்தி பிரிப்பாள், தாராளமாக இடம் விடுவாள். காகிதம் வீணாகிறதே என்று ஊர்த்தலைவனான நான் எரிந்து விழுவேன்.

எங்கள் கோடை மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு சுரங்க நிறுவனம் வந்தது. ஒப்பந்தம் ஏழு பக்கம். பொடி எழுத்து, மூச்சு விட இடமில்லை. நான் இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிட்டேன். நிறுவனத்தாருக்கு என் வீட்டில் நடக்கும் விருந்தில் வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. எங்கள் வழக்கத்தில் விருந்தாளி நீட்டும் காகிதத்தை அவன் முன்னால் வாசிப்பது அவனைத் திருடன் என்பதற்குச் சமம். ரொட்டியைச் சேர்ந்து பிட்டுத் தின்னாமல் எந்த ஒப்பந்தமும் கிடையாது; தின்றுவிட்டால் அடுத்தது கையெழுத்துதான்.

பிரதி எடுக்க சாய்ராகுலிடம் கொடுத்தேன். “ஒரு சொல் மாறிச்சு, உன் வேலை போயிடும், பாத்துக்க.”

“சொல்லைத் தொடமாட்டேன் தலைவரே. இடம் மட்டும் விட்டுக்கிறேன்.”

ஏழு பக்கம் பத்தொன்பது ஆனது. ஒரு பிரதியைப் பால் வாங்கும் நிலையத்துச் சுவரில் ஒட்டிவிட்டாள். பால் ஊற்ற நின்ற பெண்கள் வாசித்தார்கள். பதினோராம் தாளில் ஒரே வாக்கியம்: நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குக் கால்நடைகள் மேய்ச்சல் நிலத்து ஊற்றை நெருங்கக் கூடாது. அங்கே வேறு தண்ணீர் கிடையாது.

“இதையா நம்ம ஆம்பளைங்க எழுதிக் குடுக்கப் போறாங்க?” என்று கத்தினாளாம் என் மனைவி அசில்கான்.

மறுநாள் விருந்தில் கறி வந்தது, தேநீர் வந்தது. ரொட்டி மட்டும் வரவில்லை.

“எங்கடி ரொட்டி?”

“மாவு புளிச்சுப் பொங்கவே இல்லை” என்றாள் அசில்கான்.

பக்கத்து வீடுகளுக்கு ஆள் விட்டேன். ஊரின் நாற்பது வீட்டிலும் மாவு பொங்கவில்லையாம். ரொட்டி இல்லாமல் எவனும் பேனாவைத் தொடவில்லை. வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள்.

ஊற்று பிழைத்தது. மேலிடத்துக்கு ஆத்திரம்: சாய்ராகுலை நீக்கு, இல்லையென்றால் நீ போ. எனக்கு ஓய்வூதியத்துக்கு ஒரு வருஷம் பாக்கி. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவளை நீக்கும் உத்தரவைத் தட்டச்சு செய்யவும் அலுவலகத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை. வரிக்கு வரி இடம் விட்டு அடித்து, என் மேஜையில் வைத்தாள்.

“படிச்சுட்டுப் போடுங்க, தலைவரே.”

என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு காகிதத்தை முழுசாகப் படித்தேன். எல்லாம் தெளிவாகப் புரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.