ஒரு பக்கம் மட்டும் ஒலித்த பெட்டி

ரகுநந்தன் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். டிவியானாலும் மிக்ஸியானாலும் திருப்பிப் போட்டு, எங்கே ஸ்க்ரூ இருக்கிறது என்று தேடுவார். அறுபதைத் தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காட்டூரில் எங்கள் தெருவில், பழைய மானிட்டர்களுக்கும் ஒயர்ச் சுருள்களுக்கும் நடுவில் தனியாகக் குடியிருந்தார்.

அவருடைய அண்ணா வரது வேறு ரகம். ஸ்ரீரங்கத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஊரில் அவருக்கு மரியாதை அதனால் வந்ததல்ல, பாசுர கோஷ்டியால் வந்தது. வைணவ வீடுகளில் பாசுரம் பாடுவது என்று சொல்ல மாட்டார்கள், சேவிப்பது என்பார்கள். இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்வார்கள். முதல் இரண்டு அடியை ஒரு வரிசை சேவிக்கும். அடுத்த இரண்டு அடி எதிர் வரிசைக்கு. ஒரு வரிசையின் முறை நடக்கும்போது மற்ற வரிசை வாய் திறக்காது. மாதா கோயிலுக்குப் போகிற எனக்கு, வரதுவின் வீட்டில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இதெல்லாம் தெரிய வந்தது.

சின்ன வயதில் ரகுநந்தனையும் பாசுரம் கற்றுக்கொள்ள உட்கார்த்தியிருக்கிறார்கள். அண்ணாதான் பக்கத்தில் இருந்து திருத்துவாராம். தம்பி ஒரு அடி சொன்னால் "தப்பு". திரும்பச் சொன்னால் திரும்பவும் "தப்பு". ஒருநாள் தம்பி பாதியில் எழுந்து ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போய்விட்டார். அதோடு அந்தப் படிப்பு முடிந்தது. பிறகு எத்தனையோ வருஷம், வீட்டுக்கு யாராவது வந்தால் வரது, "நம்மாத்துல ஒருத்தன் பாசுரம் சேவிக்கறான், இன்னொருத்தன் ஒயரைச் சேவிக்கறான்" என்று சொல்லிச் சிரிப்பாராம். தம்பியும் கூடச் சிரிப்பார். ஆனால் பண்டிகைக்கு வந்தால் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார்.

போன வருஷம் வரதுவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. கூடவே பேச்சும் போனது. பிறர் சொல்வது புரிகிறது, ஆனால் பதிலுக்கு ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் ரகுநந்தன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சிஸ்டர், எங்கண்ணாவைப் பாத்துக்கணும். மன்னியால தனியா முடியலை. வருவேளா?"

நான் நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்று, வீட்டு நோயாளிகளைப் பராமரிக்கத் தனிப் பயிற்சியும் எடுத்தவள். மறுநாளே போனேன். வரதுவின் மனைவி ரங்கம்மா மாமி என்னை மேலும் கீழும் பார்த்து, "தளிகை உள்ளுக்கு மட்டும் வர வேண்டாம், கோவிச்சுக்காதீங்கோ" என்றார். "சமையல்கட்டுல எனக்கென்ன வேலை மாமி? பேஷன்ட் எங்கே?" என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் தகராறு இல்லை.

கையும் காலும் பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின. பேச்சுதான் நகரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க மாலினி என்ற பெண் வந்தாள். கெட்டிக்காரி. ஆப்பிள், காத்தாடி, குடை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டி, "இது என்ன சொல்லுங்க மாமா" என்பாள். வரது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் காத்தாடிப் படத்தை நீட்டினால் வேறென்ன செய்வார்? மாலினி வெளியே வந்து எங்களிடம் ஒளிக்காமல் சொன்னாள். "அவர் முயற்சி பண்ணாத்தான் வரும். இந்த ஆரம்ப மாசங்கள் ரொம்ப முக்கியம். வாயே திறக்காம இருந்துட்டார்னா அப்புறம் கஷ்டம்."

ரகுநந்தன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் தன் போனில் ஒரு பாசுரப் பதிவைத் தேடி எடுத்து அண்ணாவின் காதருகே வைத்தார். வரதுவின் கண் விரிந்தது. இரண்டு பாசுரம் போயிருக்கும், நடுவில் ஒரு பெண் குரல் செய்கூலி சேதாரம் இல்லை என்று நகைக்கடை விளம்பரத்தை ஆரம்பித்தது. வரது இடது கையால் போனைத் தட்டிவிட்டார். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

"விளம்பரமே இல்லாம, அண்ணா தானே போட்டுக் கேக்கற மாதிரி ஒண்ணு பண்ணணும்" என்றார் ரகுநந்தன், கட்டிலுக்கு அடியில் குனிந்தபடி. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

காட்டூர் வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்று கிடந்தது. அவர் தன் கையால் அசெம்பிள் செய்த முதல் கம்ப்யூட்டரின் வெறும் கூடு. வெள்ளையாக இருந்து மஞ்சளானது. அதைத் துடைத்து மொபெட்டில் கட்டி ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணாவின் கட்டிலுக்கு எதிரே தரையில் பேப்பரை விரித்து வேலையை ஆரம்பித்தார். சிங்காரத்தோப்புப் பக்கம் பழைய பாகங்கள் விற்கிற ஹாலித், மதர்போர்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். கேபினெட்டைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை.

"சார், இதை மியூசியத்துக்குக் குடுத்துட்டு, நம்மகிட்ட ஒரு நல்ல டப்பாவா எடுத்துக்கங்க."

"இந்தத் தகரம் இப்ப வராது ஹாலித். தட்டிப் பாருங்கோ."

"தட்டினா துரு கொட்டுது சார்."

பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு ஃபேன். வீட்டு வைஃபையில் அதைச் சேர்த்துவிட்டால் டிவி, போன், ஸ்பீக்கர் எதில் வேண்டுமானாலும் கேட்கலாம், பார்க்கலாம். வீட்டுக்குள்ளேயே இருக்கிற சர்வர் என்று எனக்கு விளக்கினார். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு மாதிரி, எல்லா வார்டுக்கும் ஒரே இடத்திலிருந்து போகிறது என்று நான் புரிந்துகொண்டேன். வரது இடது கையால் அமுக்கத் தோதாகப் பெரிய பொத்தான் வைத்த ரிமோட் ஒன்றையும் செய்தார்.

ஹார்ட் டிஸ்க் சுற்றும்போது தகரம் கடகடவென்று அதிர்ந்தது. ரகுநந்தன் பழைய ரப்பர் செருப்பு ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஹார்ட் டிஸ்குக்கு அடியில் கொடுத்துத் திருகினார். சத்தம் நின்றது. காபி கொண்டுவந்த மாமி கீழே கிடந்த செருப்பு வாரைப் பார்த்துவிட்டார்.

"ரகு, அது என்னடா?"

"அதிர்வு தாங்கறதுக்கு மன்னி. ரப்பர்."

"செருப்புடா அது! பெருமாள் பாசுரம் வர பெட்டிக்குள்ள செருப்பையா வெச்சே? உனக்கு புத்தியே வராதா?"

மொத்தத்தையும் பிரித்தார்கள். மாமி உள்ளே போய்க் குக்கரின் பழைய கேஸ்கெட்டை எடுத்து வந்து, "இதை வெட்டிக்கோ, இதுல சாதம் வெந்திருக்கு" என்றார். கேஸ்கெட் செருப்பைவிட நன்றாகவே வேலை செய்தது. வரது கட்டிலிலிருந்து அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அவர் உதடு சிரிப்பாக வளைந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பெட்டிக்குள் போட ரகுநந்தனிடம் ஒரு புதையல் இருந்தது. பல வருஷத்துக்கு முன், தெருக்கோடி மண்டபத்தில் அண்ணா உட்கார்ந்த கோஷ்டியை டேப்பில் பதிவு செய்திருந்தார். வரிசைக்கு ஒரு மைக் வைத்து, இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் எதிர் வரிசை என்று பிரித்து எடுத்த பதிவு. அந்தக் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலைக் குறைத்து, பெட்டிக்குள் அடுக்கினார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒன்று.

முதல் நாள் போட்டபோது அறை முழுவதும் கோஷ்டி நிறைந்தது. வரதுவின் சொந்தக் குரலே கணீரென்று கேட்டது. ரகுநந்தன் அண்ணாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வரது கண்ணை மூடிக் கேட்டார். உதடு அசையவில்லை. மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுவதும் அப்படியே. பொத்தானை அமுக்குவார், கேட்பார், தூங்கிப்போவார்.

"கேக்கறதுக்குச் சுகமா இருக்குபோல. அவ்வளவுதான் சிஸ்டர்" என்றார் ரகுநந்தன். டப்பாவில் ஸ்க்ரூக்களைப் போட்டு மூடினார். மறுநாள் வரவில்லை.

அன்று மாமி அறையைத் துடைத்தார். துடைப்பான் கட்டை ஸ்பீக்கர் ஒயரில் மாட்டி இழுத்திருக்கிறது. அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. நான் வரதுவைச் சாய்த்து உட்காரவைத்து, விழுந்த கையை நீவிக்கொண்டிருந்தேன். அவர் பொத்தானை அமுக்கினார். எதிர் வரிசை முதல் இரண்டு அடியைச் சேவித்தது. பிறகு அறை அமைதியானது. அடுத்த தெருவில் யாரோ சேவிப்பதுபோல ஏதோ லேசாகக் கேட்டது, அவ்வளவுதான்.

பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பினேன். அப்போது என் பக்கத்தில் ஒரு குரல் வந்தது. கரகரப்பாக, இழுத்து இழுத்து, ஆனால் ராகம் மாறாமல். வரது அடுத்த இரண்டு அடியைச் சேவித்தார். எதிர் வரிசை மறுபடி ஆரம்பித்ததும் வாயை மூடிக் காத்திருந்தார். தன் முறை வந்ததும் மறுபடி சேவித்தார்.

நான் கையை நீவுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவாரோ என்ற பயம்தான். வாசலில் மாமி துடைப்பானைப் பிடித்தபடி நின்றார்.

மாமி போன் செய்ததும் ரகுநந்தன் ஓடி வந்தார். ஒரு பாசுரம் கேட்டார். உடனே, பழக்கதோஷம், ஸ்பீக்கரின் பின்பக்கம் குனிந்தார்.

"வலது பக்கம் வரலையே. ஒயரோட பின் கழண்டிருக்கு."

"சார், அதைத் தொடாதீங்க."

"இல்ல சிஸ்டர், ஒரு நிமிஷம், சொருகிட்டா..."

"சொருகினா அவர் பேச மாட்டார். அவரோட வரிசை சேவிக்கிறது அந்த ஸ்பீக்கர்லதானே? அவர் அடியை அவருக்கு முந்தி பெட்டியே சொல்லிட்டா அவருக்கு என்ன வேலை இருக்கு?"

ரகுநந்தன் பின்னைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். எதிர் வரிசை சேவிக்கும்போது அண்ணா சும்மா இருப்பார், தன் வரிசை சேவிக்கும்போது அங்கே அண்ணாவின் குரலே இருக்கிறது. ஒரு வாரமாக அவருக்கு இடமே இல்லாமல் இருந்தது. தானே வரிசைக்கு ஒரு மைக் வைத்தவருக்கு இது தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. துடைப்பானுக்குத் தோன்றியது.

மாலினி வந்து கேட்டாள். சந்தோஷப்பட்டாள். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள். மனப்பாடமாக ஊறிப்போனது வாயில் வருவது வேறு, நினைத்ததைச் சொல்வது வேறு. பாட்டும் ஜபமும் வருகிற சிலருக்குத் தண்ணீர் என்று கேட்க வராது. இது கதவு திறந்ததுதான், வீட்டுக்குள் போனது இல்லை. நானும் அதையே மாமியிடம் சொன்னேன். நம்பிக்கை இருக்கலாம், கணக்குத் தப்பக் கூடாது. படம் போட்ட அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, மாலினியும் பெட்டியை வைத்தே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள்.

தினமும் காலையில் வரது சேவித்தார். குரல் ஏறியது. ஆனால் பெட்டி நின்றால் அவரும் நின்றார். காபி வேண்டுமா என்றால் தலையாட்டல்தான்.

ஒருநாள் காலை பாசுரத்தின் நடுவில் கரண்ட் போனது. பெட்டிக்கு யு.பி.எஸ். இல்லை. ஃபேன் நின்றது, எதிர் வரிசை பாதி அடியில் அறுந்தது. வரது ரிமோட்டை அமுக்கினார், மறுபடி அமுக்கினார். முகம் சிவந்தது.

"இருங்கோ அண்ணா, இருங்கோ" என்று ரகுநந்தன் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். கட்டிலுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தார். ராகம் கிடையாது, பஸ் போர்டு வாசிப்பதுபோல் வாசித்தார். முதல் அடி போனது, இரண்டாம் அடி போனது. அங்கே நிறுத்த வேண்டும் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. பயத்தில் மூன்றாம் அடிக்குள்ளும் பாய்ந்துவிட்டார்.

"தப்பு."

ரகுநந்தன் தலையைத் தூக்கினார்.

"தப்பு!" என்றார் வரது மறுபடி. இடது கையால் தன் மார்பைத் தட்டிக் காட்டினார். அது தன் அடி, தன் முறை என்று. பிறகு அந்த இரண்டு அடியையும் தானே சேவித்து முடித்தார்.

மாமி முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். "அப்புறம் அழலாம் மாமி, முதல்ல அவருக்குத் தண்ணி கொடுங்க, தொண்டை காஞ்சிருக்கும்" என்றேன். அந்தத் "தப்பு" எந்தப் பெட்டியும் சொல்லிக்கொடுக்காத சொல். எதிரே இருக்கிற ஆளைப் பார்த்து, நினைத்துச் சொன்ன சொல். அதைத்தான் அத்தனை பேரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரகுநந்தன் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார். "சிஸ்டர், இன்னொரு தடவை தப்பாச் சொல்லட்டுமா?"

"உங்களுக்கு அது கஷ்டமா என்ன? சொல்லுங்க."

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. மஞ்சள் பெட்டிக்குள் ஃபேன் சுற்றி, பச்சை விளக்கு எரிந்தது. ரகுநந்தன் எழுந்து அதன் பின்பக்கம் போனார். இந்த முறை எதையும் திருகவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து, அண்ணாவுக்கு எதிரே உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்தார்.